ஒரு சொல், ஓர் ஆறு

எஸ்பிஎம் தேர்வுக்கு ஆங்கிலக் கட்டுரை பழகும் பிள்ளைகளில் சிலர், 'நல்லது' என்று வருகிற இடமெல்லாம் 'அமீலியரேட்டிவ்' என்று எழுதினால் மதிப்பெண் கொட்டும் என நினைப்பதுண்டு. கொஞ்சம் பொறுங்கள்!

லத்தீனில் 'மெலியோர்' என்றால் 'மேலும் நல்ல' என்று பொருள். அந்த வேரில் கிளைத்த சொல் இது. ஆனாலும், ஏற்கெனவே கெட்டுப்போன ஒன்றைச் சீராக்கும்போதுதான் இது பொருந்தும்.

நம் ஜொகூரையே பாருங்கள். 2019 மார்ச் மாதம், பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டார்கள். நச்சுக்காற்றில் மாணவர்கள் மூச்சுத்திணறினார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. பிறகு ஆற்றைத் துப்புரவு செய்தார்கள் இல்லையா? அந்த நடவடிக்கைகளை 'அமீலியரேட்டிவ் மெஷர்ஸ்' என்று சொல்லலாம். மிகச் சரி.

அதையே, 'அம்மா வைத்த மீன்குழம்பு அமீலியரேட்டிவ்' என்று எழுதினால்? குழம்பு ஏதோ நோய்க்கு வந்த மருந்தாகிவிடும்!

கெடுத்த பிறகு சீராக்கத்தான் இந்தச் சொல் தேவை. கெடுக்காமலே இருந்துவிட்டால், சொல்லும் மிச்சம், செலவும் மிச்சம்!