கரப்பானும் கைவைத்தியமும்

(நாகபுரியில் நம் உறுப்பினர்களின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'ரிடையர் ஆனவர்தானே, ஏதாவது ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுங்களேன்' என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் டாக்டர் இல்லை. 1971இல் திருச்சியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்து, மத்திய அரசில் முப்பத்தேழு வருஷம் ஃபைல் பார்த்தவன். ஆனாலும் எக்ஸீமா என்கிற கரப்பானைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. எனக்கு அது இருந்தது, என் பேரனுக்கும் வந்தது. இரண்டு தடவையும் நான் தப்புப் பண்ணினேன். அந்தத் தப்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1990களில் ஒரு குளிர்காலத்தில் எனக்கு முழங்கை மடிப்பில் அரிப்பு ஆரம்பித்தது. மருந்துக் கடையில் ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் மாயமாக மறைந்தது. நிறுத்தினால் திரும்ப வந்தது, திரும்பத் தடவினேன். இப்படியே நாலு வருஷம். டாக்டர் சீட்டும் கிடையாது, கணக்கும் கிடையாது. கடைசியில் அந்த இடத்துத் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, உள்ளே நரம்பு தெரிந்தது. அது வீரியமான ஸ்டீராய்டு என்று அப்புறம்தான் தெரிந்தது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை பக்கம் போகாது அல்லவா? 2019 டிசம்பரில் இரண்டு வயதுப் பேரனுக்குக் கன்னத்திலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் வந்தபோது, 'இங்கிலீஷ் மருந்தே கூடாது, எல்லாம் இயற்கை வைத்தியம்தான்' என்று சட்டம் போட்டேன். வேப்பிலை, கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சம்பழச் சாறு, கொஞ்சம் கற்பூரம், எல்லாவற்றையும் நானே அரைத்தேன். 'வேண்டாம்ப்பா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே' என்றாள் மாட்டுப்பெண். 'எங்க பாட்டி காலத்து வைத்தியம்மா, ஒண்ணும் பண்ணாது' என்றேன். குழந்தை வீறிட்டான். 'எரியறதேப்பா' என்றாள். 'மருந்து வேலை செய்யறது' என்றேன்.

மூன்றாம் நாள் அந்த இடமெல்லாம் நீர் கோர்த்து, மஞ்சளாகப் பொருக்கு கட்டி, ஜுரமும் வந்துவிட்டது. குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு, 'இதில் என்னென்ன போட்டீர்கள்?' என்று கேட்டார். பட்டியல் சொன்னேன். கற்பூரம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். விரிந்த தோல் வழியாகக் கற்பூரம் உடம்பில் ஏறினால் சின்னக் குழந்தைக்கு வலிப்பே வரலாம் என்றார். ஆன்டிபயாடிக்கும், மென்மையான ஸ்டீராய்டு களிம்பு ஒரு வாரத்துக்கும் எழுதிக் கொடுத்தார். குழந்தை குணமானான். மாட்டுப்பெண் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தோலைக் கட்டடச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே உள்ள கொழுப்பு சாந்து. கரப்பான் உள்ளவர்களுக்கு இந்தச் சுவரில் இடுக்கு விழுந்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகிறது, வெளியே இருக்கும் தூசியும் கிருமியும் சோப்பும் உள்ளே போகின்றன. ஃபிலாக்ரின் என்கிற புரதத்தைத் தரும் மரபணுவில் குறை இருப்பவர்களுக்குக் கரப்பான் அதிகம் வருகிறது என்று 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர விஞ்ஞானிகளும் அவர்களுடைய சகாக்களும் கண்டுபிடித்தார்கள். தாத்தாவுக்கும் பேரனுக்கும் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆஸ்த்மாவும் அடுக்குத் தும்மலும் உள்ள குடும்பங்களில் இது சகஜம்.

ஆக, வீட்டில் நாம் செய்யக்கூடிய வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: சுவரைப் பூசி வைப்பது. எரிகிற எதுவும் சுவரைப் பூசாது, இடிக்கும். 'எரிந்தால் வேலை செய்கிறது' என்று நான் சொன்னதைப் போன்ற அபத்தம் வேறு கிடையாது.

இனி செய்ய வேண்டியவை.

முதலில் ஸ்நானம். நம் எண்ணெய் ஸ்நானத்தை யோசித்துப் பாருங்கள். அரை மணி எண்ணெய் தேய்க்கிறோம், பிறகு கொதிக்கிற வெந்நீரும் சீயக்காயுமாக அரை மணி அதை எடுக்கிறோம்! கரப்பான் உள்ளவர்களுக்கு வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து அல்லது பத்து நிமிஷம் ஸ்நானம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் முழுக்கக் காய்வதற்குள், மூன்று நிமிஷத்துக்குள், எண்ணெயோ களிம்போ பூச வேண்டும். அப்போதுதான் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். தோலின் அமிலத்தன்மை பி.எச். 5 சுமாருக்கு இருக்கும். சாதாரண சோப்புக்கட்டி 9, 10 என்று காரமாக இருக்கும். அதனால் சோப்பு அக்குள் போன்ற இடங்களுக்கு மட்டும் போதும். அதுவும் மணமில்லாத, காரமில்லாத வகையாக இருந்தால் நல்லது.

இரண்டாவது எண்ணெய். நம் தேங்காய் எண்ணெய்க்கு நல்ல சாட்சி இருக்கிறது. பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளைக் கொண்டு எட்டு வாரம் நடத்திய ஒரு சோதனை 2014இல் வெளியானது. வெர்ஜின் தேங்காய் எண்ணெய் தடவிய குழந்தைகளுக்கு, மினரல் எண்ணெய் தடவியவர்களைவிட நல்ல குணம் தெரிந்தது. தேங்காய் எண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம். அது சில கிருமிகளையும் அடக்குகிறது. மணம் சேர்த்த கூந்தல் தைலம் வேண்டாம், சுத்தமான எண்ணெய் போதும். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும் என்பதால் இங்கே டிசம்பரில் பாட்டிலை வெயிலில் வைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே இருக்கும் நம்மவர்கள் அக்கம்பக்கத்தாரைப் பார்த்துக் குழந்தைகளுக்குக் கடுகெண்ணெய் தேய்க்கிறார்கள். கரப்பான் தோலுக்கு அது ஆகாது. 2002இல் எலிகளை வைத்து நடந்த ஒரு ஆய்வில், கடுகெண்ணெய் தோலின் காப்பைத் தாமதப்படுத்தியது, சூரியகாந்தி எண்ணெய் சீக்கிரம் சரி செய்தது. ஆலிவ் எண்ணெயும் காப்பைக் கெடுக்கிறது என்று 2013இல் இங்கிலாந்தில் மனிதர்களை வைத்தே பார்த்திருக்கிறார்கள். விலை ஜாஸ்தி என்பதால் உசத்தி என்று அர்த்தமில்லை. எண்ணெய் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி இருக்கிறது. அது சமையலறைச் சரக்கு இல்லை, ஆனால் சுவருக்கு அது நல்ல பூச்சு.

மூன்றாவது ஓட்ஸ். தோல் காப்புப் பொருளாக இதை அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2003இல் அங்கீகரித்தது. மணம், சர்க்கரை எதுவும் சேர்க்காத ஓட்ஸை மிக்ஸியில் மாவாகப் பொடியுங்கள். ஒரு ஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் பால் மாதிரி கலங்க வேண்டும். அடியில் தங்கினால் இன்னும் பொடிக்க வேண்டும். குழந்தை உட்காரும் டப்பில் வெதுவெதுப்பான நீர் விட்டு, ஒரு கைப்பிடி கலந்து, பத்து நிமிஷம் உட்கார வைக்கலாம். வழுக்கும், ஜாக்கிரதை.

நான்காவது ஒத்தடம். அரிப்பு தாங்காதபோது சொறிவதற்குப் பதில், பழைய மல் வேஷ்டித் துண்டைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து ஐந்து நிமிஷம் வைத்து, பிறகு எண்ணெய் தடவுங்கள். ஐஸ் கட்டியை நேரே வைக்காதீர்கள்.

ஐந்தாவது, வீட்டு ஒழுங்கு. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கம்பளி உடம்பில் படாமல் உள்ளே பருத்தி போடுங்கள். துணியை ஒரு தடவை கூடுதலாக அலசுங்கள். வியர்வை உடனே போகட்டும். இதற்கெல்லாம் செலவே இல்லை.

செய்யக் கூடாதவை.

எலுமிச்சை, பூண்டு, வினிகர், கற்பூரம் ஆகியவை புண்பட்ட தோலில் கூடவே கூடாது. நாகபுரியில் எல்லா வீட்டிலும் ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து ஸ்நானப் பொடியில் சேர்க்கிறோம். நல்ல தோலுக்கு வாசனையாக இருக்கும், கரப்பானுக்கு அது நெருப்பு. மஞ்சளும் வேம்பும் நல்லவைதான், ஆனால் சிலருக்கு அவையே அலர்ஜி. கடை மஞ்சளில் கலப்படச் சாயமும் இருக்கலாம்.

கடலை மாவு, பயத்தமாவு, கோதுமை மாவு எல்லாம் உணவாயிற்றே, என்ன கெடுதல் என்று நினைக்கலாம். விரிந்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால், உடம்பு அதை எதிரி என்று பதிவு செய்துகொள்ள வாய்ப்பு உண்டு. ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முக சோப்பைத் தேய்த்த 2000 பேருக்கும் மேல் கோதுமை சாப்பிட்டாலே அலர்ஜி வந்துவிட்டது, 2011இல் அது பெரிய செய்தி. ஓட்ஸுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கைக்குழந்தைக்கு டாக்டரைக் கேட்டே போடுங்கள். எதையும் முதலில் முன்கையில் ஒரு காலணா அளவு தடவி, இரண்டு நாள் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

'கரப்பான் பண்டம்' என்று கத்தரிக்காயிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக நிறுத்துகிற வழக்கமும் நம் வீடுகளில் உண்டு. ஒருவருக்கு ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் விடலாம். ஆனால் வளரும் குழந்தைக்குப் பாலையும் கோதுமையையும் நாமாக நிறுத்தக் கூடாது. கரப்பானும் குறையாது, குழந்தையும் இளைத்துப் போகும்.

மாமிகளுக்கு ஒரு வார்த்தை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்துக் கையில் வருவதும் இதே ஜாதிதான். உள்ளே பருத்தி உறை, மேலே ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள். நெற்றியில் குங்குமம் இட்ட இடம் அரித்தால் குங்குமத்தை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதில் உள்ள சாயம்தான் காரணம். என் வயதுக்காரர்களுக்கும் சொல்கிறேன். குளிர்காலத்தில் முழங்காலுக்குக் கீழே வறண்ட ஏரி மாதிரி வெடிக்கிறதே, அதுவும் கரப்பானில் ஒரு வகை. வெந்நீரைக் குறைத்து, தினம் எண்ணெய் பூசினால் பெரும்பாலும் அடங்கும். உள்ளங்காலில் மட்டும் தடவிக்கொண்டு நடக்காதீர்கள், நம் எலும்புகளுக்கு வழுக்கி விழும் வயசு இது.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? மஞ்சள் பொருக்கு, சீழ், ஜுரம் இருந்தால் அன்றைக்கே. சின்னச் சின்ன நீர்க் கொப்புளம் திடீரென்று கூட்டமாகக் கிளம்பி வலித்தாலும் அன்றைக்கே, அது ஹெர்பிஸ் கிருமியாக இருக்கலாம், அது அவசர நிலை. கண்ணருகே வந்தாலும், ராத்திரித் தூக்கம் கெட்டாலும், இரண்டு வாரத்தில் குறையாவிட்டாலும் போக வேண்டும். வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து பரவினால் அது கரப்பானே அல்ல, படை. அதில் ஸ்டீராய்டு தடவினால் இன்னும் பரவும்.

ஸ்டீராய்டு பூதமும் இல்லை, அமிர்தமும் இல்லை. டாக்டர் சொன்ன வீரியத்தில், சொன்ன இடத்தில், சொன்ன நாள் வரை தடவினால் அது நல்ல மருந்து. ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். 2018இல் நம் அரசாங்கம் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. என்னைப் போல நாலு வருஷம் தடவுகிறவர்கள் இருந்ததால்தான். 'மூலிகைதான், ஸ்டீராய்டே இல்லை' என்று பேர் இல்லாத டப்பாவில் யாராவது கொடுத்து இரண்டே நாளில் மறைந்தால் சந்தேகப்படுங்கள். 1999இல் லண்டனில் 11 சீன மூலிகைக் களிம்புகளைச் சோதித்ததில் எட்டில் ஸ்டீராய்டு இருந்தது.

முடிவாக ஒன்று. தேங்காய் எண்ணெய் கரப்பானை வேரோடு எடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து தினம் பூச்சுத் தடவினால் கரப்பான் வராமலே தடுக்கலாமா என்று இங்கிலாந்தில் 1394 குழந்தைகளை வைத்துப் பார்த்தார்கள். தடுக்கவில்லை என்று 2020இல் முடிவு வந்தது. வந்த பிறகு அரிப்பைக் குறைத்து, தோலைப் பாதுகாத்து, மருந்தின் தேவையைக் குறைப்பதுதான் நம் கையில் இருக்கிறது. அது பெரிய காரியம்தான். ஒரு நாள் செய்து மறு நாள் விடுகிற காரியம் மட்டும் இல்லை.

பேரன் குணமாகி வந்த அன்று ராத்திரி, மாட்டுப்பெண் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள். 'இனிமே தெனம் தடவற பொறுப்பு உங்களோடதுப்பா. எரிஞ்சா நிறுத்திடுங்கோ' என்றாள். அவ்வளவுதான். இன்று அவனுக்கு எட்டு வயசு. தோல் தொண்ணூறு சதவீதம் சரியாகிவிட்டது. தானே தடவிக்கொள்ளத் தெரியும். ஆனாலும் ராத்திரி எட்டு மணிக்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருகிறான்.