கோப்பும் அதன் பெயரும்

பழைய ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சென்றோர் ஒரு துன்பத்தை அடிக்கடி சந்தித்தனர். சுவடி கைக்குக் கிடைக்கும், முதலேடு இராது. பெயர் தெரியாமையால், உள்ளே படித்துப் பார்த்த பின்னரே இன்ன நூல் என்று துணிய வேண்டியிருந்தது. கைத்தொலைபேசி உள்ள வீடுகளில் இன்று அதே துன்பம் வேறு வடிவில் நிகழ்கின்றது.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, தந்தையின் இரத்தப் பரிசோதனை முடிவு யாவும் படம்பிடித்துச் சேமிக்கப்படுகின்றன. ஆயின் கருவி அவற்றுக்கு இடும் பெயர் பெரும்பாலும் 'ஐஎம்ஜி' என்ற முன்னொட்டும் நீண்ட இலக்கத் தொடருமே. சென்ற ஆண்டின் முடிவைக் காட்டுமாறு வைத்தியர் கேட்கும்போது, ஆயிரம் படங்களுக்கிடையே முதியவரின் விரல் தடுமாறுகின்றது. பொருள் உண்டு, வேண்டிய வேளையில் அது இல்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. கோப்புகளைக் காட்டும் செயலியைத் திறந்து, வேண்டிய கோப்பின்மீது விரலைச் சற்று நேரம் அழுத்தினால் அது தெரிவாகும். தோன்றும் பட்டியலில் பெயர் மாற்றும் கட்டளை இருக்கும். சில கருவிகளில் அது மூன்று புள்ளிக் குறியினுள் அடங்கியிருக்கும்.

பெயரை மாற்றினால் உள்ளடக்கம் சிதையுமோ என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வேண்டியதில்லை. ஆன்ட்ரொய்ட் கருவிகளுக்கு அடிப்படையான லினக்ஸ் முறையில், பெயர் கோப்பின் உடலில் எழுதப்படுவதில்லை. அடைவு என்னும் பதிவேட்டில் எழுதப்படுகின்றது. அப்பதிவேட்டின் ஒரு வரியே திருத்தப்படுகின்றது.

எனினும் சில எச்சரிக்கைகள் உள. பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வரும் 'ஜேபிஜி', 'பிடிஎப்' போன்ற வாலை வெட்டலாகாது. அதைக் கொண்டே கோப்பின் இனத்தைப் பல செயலிகள் அறிகின்றன. உரையாடற் செயலி சேமித்த படத்தின் பெயரை வெளியிலிருந்து மாற்றினால், பழைய பெயரையே தேடும் அச்செயலி படத்தைக் காணாது திகைக்கலாம். அத்தகைய படத்தை வேறிடத்தில் பிரதி செய்து, பிரதிக்குப் பெயரிடுவதே நலம். கூகுள் டிரைவில் இத்தொல்லை இல்லை. அங்கே பகிர்ந்த இணைப்பு பெயர் மாறினும் அழியாது.

தமிழில் பெயரிடுவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. லினக்ஸில் ஒரு பெயர் பொதுவாக 255 பைட்டுகளைத் தாண்டலாகாது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட்டு போதும். தமிழில் 'க' 3 பைட்டுகளையும் 'கா' 6 பைட்டுகளையும் கொள்ளும். ஆகவே தமிழ்ப் பெயர் சுருக்கமாக அமைதல் வேண்டும்.

பெயரின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் திகதியை இடுக. '2024-03-09 அப்பா இரத்தப் பரிசோதனை' என்றால், பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். திகதியின் இடையே சாய்கோடு இடலாகாது. அதனைப் பெயரில் முறைமை ஏற்காது.

நாளொன்றுக்கு ஐந்து கோப்புகளுக்குப் பெயரிடச் சில நிமிடங்களே செல்லும். அச்சிறு உழைப்பு, ஒருவர் சேமித்ததை அவருக்குப் பின் வருவோரும் கண்டெடுக்க வழிசெய்யும்.