பெயர் மாறாத மாற்றம்



கிறிஸ்து சமயத்தைத் தழுவிய ஒருவருக்குப் பெயர் மாறும், நடையுடை மாறும், சொந்த மொழியும் சற்றே அந்நியமாகும் என்று எண்ணுவது நம்மிற் பலருக்கு வழக்கம். மராத்தியக் கவிஞர் நாராயண வாமன திலகரின் வரலாறு இவ்வெண்ணத்தைத் திருத்த வல்லது. லோகமான்ய திலகர் வேறு, இவர் வேறு.

1861-இல் கொங்கணத்தில் அந்தணர் குலத்திற் பிறந்த இவர் வடமொழிப் புலமை வாய்ந்தவர். புகைவண்டியில் உடன் வந்த ஐரோப்பியர் ஒருவர் அளித்த புதிய ஏற்பாட்டைப் படிக்கத் தொடங்கி, மலைப் பிரசங்கத்தில் மனந் தோய்ந்தார். 1895 பிப்ரவரி 10-ஆம் நாள் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். பெற்றோர் இட்ட பெயரை அவர் விடவில்லை.

வேற்று மாநிலங்களில் வாழும் நம்மை யாரென்று கேட்டால் ஊரையும் மொழியையும் சொல்லுகிறோம். அந்நாளில் ஒருவர் இன்னார் என்று காட்டியது, அவர் யாருடன் அமர்ந்து உண்டார், யார் கைத் தண்ணீரைப் பருகினார் என்பதே. ஆகவே திலகர் தம் வீட்டாருக்கே அயலாரானார். மனைவி லட்சுமிபாய் சிறு மகனுடன் பிரிந்து, உறவினரிடம் ஆறாத் துயரத்தில் வாழ்ந்தார். சில ஆண்டுகளுக்குப்பின் கணவரிடம் திரும்பினார். எனினும் சமையலும் தண்ணீரும் தனியேதான். பின்னர், சாதி மனிதர் வகுத்ததே எனத் தாமே தெளிந்து அவ்வாசாரத்தைக் கைவிட்டார். அவர் ஞானஸ்நானம் பெற்றது அதன் பிறகு, 1900-இல். முதலில் மாறியது அடுக்களை. சமயம் அதனைத் தொடர்ந்தது. இவ்வரிசையை நாம் மிகவும் மதிக்கிறோம்.

திலகரோ மராத்திய மரபைத் துறக்கவேயில்லை. ஆங்கிலப் பாடல்களை மொழிபெயர்த்து மேனாட்டு மெட்டில் பாடிவந்த திருச்சபைக்கு, அபங்க யாப்பில் நூற்றுக்கணக்கான பாடல்களை இயற்றித் தந்தார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அதன் அருமை நன்கு தெரியும்: பொருள் கடல் கடந்து வரும், ஓசை வராது. துக்காராம் என்னும் பாலத்தின் வழியே கிறிஸ்துவிடம் வந்ததாக அவர் கூறுவதுண்டு. 1917-இல் மிஷன் ஊதியத்தையும் துறந்தார். சாதாராவில், ஞானஸ்நானம் பெற்றோரும் பெறாதோரும் ஒருங்கே சேரத்தக்க ஓர் அன்பர் கூட்டத்தை அமைக்க முனைந்தார். சபையாரில் சிலர் இதனை ஐயுற்றதில் வியப்பில்லை. 1919-இல் அவர் காலமானபோது, கிறிஸ்துவின் வரலாற்றைப் பாடிய 'கிறிஸ்தாயனம்' என்னும் காவியம் குறையாக நின்றது.

அதனை முடித்தவர் லட்சுமிபாய். பள்ளிக்கே செல்லாதவர், மணமான பின்னரே எழுத்தறிந்தவர். அவர் எழுதிய 'ஸ்மிருதி சித்திரே' என்னும் தன்வரலாறு மராத்தி உரைநடையின் சிறந்த நூல்களுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகிறது. கணவர் மதம் மாறிய செய்தி கேட்டுக் கலங்கிய நாட்களையும், தம் தீட்டுப் பயங்களையும், அந்நூலில் அவர் மறைக்காமல், பல இடங்களில் நகைச்சுவையோடே எழுதியிருக்கிறார்.