பயறும் வண்டும்

(கெடா, பாக்கார் ஆராங் வட்டாரத் தோட்ட மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்மை அடுத்துள்ள பெருநகரின் பெயர் சுங்கைப்பட்டாணி. மலாய் மொழியில் 'பெத்தானி' என்றால் உழவர். உழவர் ஆறு என்பதே அப்பெயரின் பொருள். தமிழர் நாவில் அது பட்டாணியாகிவிட்டது. உழவர் ஊரைப் பயற்று ஊராக மாற்றிய மக்களிடம் பயற்றைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தானே!

விடியுமுன் எழுந்து பால் மரம் சீவுகிறவருக்கு உடலில் உரம் வேண்டும். இறைச்சியும் மீனும் நாள்தோறும் வாங்க இயலாத வீட்டில் அவ்வுரத்தைத் தருவது பயறும் பருப்பும்தாம். பச்சைப் பயற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 24 பங்கு புரதம் உண்டு. அரிசியில் 7 பங்கு அளவே. ஆனால் விலை கொடுத்து வாங்கிய பயற்றை இரண்டு மாதங் கழித்துத் திறந்தால், மணிதோறும் ஒரு துளை, அடியில் மாவு, மேலே ஊரும் பழுப்பு வண்டுகள். மூடியிருந்த டின்னுக்குள் இவை எவ்வழியே புகுந்தன என்று தாய்மார்கள் வியப்பதுண்டு.

அவை டின்னுக்குள் புகவில்லை, ஐயா! பயற்றோடு கூடவே வந்தன. காய் முற்றும் காலத்தில் வயலிலேயே பெண் வண்டு அதன்மேல் முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. சேமிப்பில் மணியின்மேலேயே முட்டையைப் பசைபோல ஒட்டிவிடும். முட்டையின் அடிப்புறத்தைத் துளைத்துக்கொண்டு புழு நேரே மணிக்குள் இறங்கும். உள்ளிருந்தே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வட்டமாகத் தோலை அறுத்துக்கொண்டு வண்டாக வெளிவரும். நம் நாட்டு வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். வெளிவந்த வண்டு பயற்றைத் தின்பதில்லை. சில நாட்களே வாழ்ந்து, நூறு முட்டை வரை இட்டு மடிகிறது. ஓர் இணை வண்டுகளின் மூன்றாம் தலைமுறை ஆயிரங்களைக் கடந்துவிடும். பெரிய கிடங்குகளில் நச்சுப் புகை போட்டு இவற்றைக் கொல்கிறார்கள். அந்த மாத்திரையை வீட்டில் வைக்கவே கூடாது. அதன் புகை மனிதரையும் கொல்லும்.

மணியே தன்னைக் காத்துக்கொள்ளும்படி செய்ய இயலாதா என்று அறிஞர்கள் எண்ணினார்கள். இம்முயற்சி உங்களுக்குப் புதிதன்று. நீங்கள் சீவிய 'ஆர்.ஆர்.ஐ.எம். 600' மரம் எங்கிருந்து வந்தது? சாவகத் தீவின் 'ச்சிர் 1' என்ற மரத்தையும் பிராங் பெசாரின் 'பி.பி. 86' என்ற மரத்தையும் கலந்து பிறந்த பிள்ளையே அது. இரப்பரில் நல்ல மரம் ஒன்று கிடைத்தால் ஒட்டுக் கட்டியே பெருக்கிவிடலாம். பயற்றிலோ ஒவ்வொரு பருவமும் விதைவழியே செல்ல வேண்டும். ஆகையால் விரும்பிய குணம் நிலைபெறும் வரை பல தலைமுறை பொறுத்துப் பொறுக்கி எடுக்கவேண்டும்.

நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை ஆய்வு நிலையம் 1970களில் ஆயிரக்கணக்கான தட்டைப்பயற்று வகைகளை வண்டுகளிடம் கொடுத்துச் சோதித்தது. 'டி.வி.யு. 2027' என்ற ஒரு வகையில் மட்டும் பெரும்பாலான புழுக்கள் மணிக்குள்ளேயே மடிந்தன. நம் வீட்டுக் கொல்லையில் கொடியேற்றும் பயற்றங்காயும் இந்தத் தட்டைப்பயற்றின் இனமே. புழுவின் செரிமானத்தைத் தடுக்கும் புரதமே காரணம் என 1979இல் கூறினர். பின்னர், புழுவால் செரிக்க இயலாத சேமிப்புப் புரதமும் அதில் இருப்பது தெரியவந்தது. ஆயினும் வண்டு இளைத்ததன்று. எதிர்ப்புள்ள பயற்றிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்தபோது, அதனைத் தின்று பிழைக்கும் வண்டினம் ஆய்வுக்கூடத்திலேயே உருவானது.

மெக்சிகோ நாட்டின் காட்டு அவரைகளிலும் இத்தகைய புரதம் ஒன்று கிடைத்தது. ஆர்சீலியா என்ற ஊரின் பெயரால் அதனை ஆர்சிலின் என்கின்றனர்.

பச்சைப் பயற்றின் கதைதான் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மடகாஸ்கர் தீவில் எடுத்த 'டி.சி. 1966' என்ற காட்டுப் பயற்றை வண்டு தீண்ட இயலவில்லை என்று 1987இல் சப்பானிய அறிஞர்கள் கண்டார்கள். மறு ஆண்டே, அக்குணத்தை ஒரே ஒரு மரபணு ஆள்கிறது என்றும் தெளிந்தது. ஒற்றை மரபணு என்றால் பயிர் வளர்ப்பாளருக்குப் பெரும் வசதி. கலப்புப் பிள்ளைகளுள் அதனை எளிதில் தொடரலாம். நாட்டுப் பயற்றோடு திரும்பத் திரும்பக் கலந்து, நல்ல பயற்றின் உருவும் காட்டுப் பயற்றின் காப்பும் ஒன்றாக அமைந்த வகைகளைப் பெற்றார்கள்.

ஆனால் வண்டைக் கொல்வது நம்மை என்ன செய்யும்? கேட்கவேண்டிய கேள்வி இதுவே. சப்பானியர் அந்தப் பயற்றை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தபோது, இரத்தத்தில் சில மாற்றங்கள் தென்பட்டன. ஆகவே அதனை உணவுப் பயிராக்கத் தயங்கினர். ஆஸ்திரேலியாவிலும், அவரையின் மரபணுவைப் பட்டாணியிற் புகுத்திப் பல்லாண்டு உழைத்தவர்கள், எலிகளின் நுரையீரலில் அழற்சி கண்டதும் 2005இல் அம்முயற்சியையே கைவிட்டனர். பல்லாண்டு உழைப்பை உண்பவர் நலம் கருதி விட்டுவிடுவது சிறிய செயலன்று. என் மதிப்பில் அதுவே உயர்ந்த விஞ்ஞானம்.

தைவான் நாட்டிலுள்ள காய்கறி ஆய்வு நிலையம் வேறு வழியில் தேடியது. காட்டை விட்டு, பயிரிடும் பச்சைப் பயற்று வகைகளையே ஆராய்ந்து, 'வி 2709', 'வி 2802' என்னும் இரண்டில் எதிர்ப்பாற்றல் இருப்பதை 1992இல் வெளியிட்டது. மக்கள் பயிரிட்டு வந்த வகைகளிலேயே கிடைத்ததால் அச்சம் குறைவு. கொரியாவிலும் சீனாவிலும் இவ்வழியில் கலப்பு வேலை நடந்துள்ளது.

எனினும், நம் நாட்டுக் கடைகளில் விற்கும் பயறு பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. அது எந்த வகை என்று பையின்மேல் எழுதியிருப்பதில்லை. ஆதலால் வாங்கும்போதே மணியை உற்றுப் பாருங்கள். குண்டூசித் தலையளவு வெண்புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை. அதனைப் பழைய பயற்றோடு கலக்க வேண்டா. உறைபெட்டி உள்ள வீட்டில், பையை நன்கு கட்டி ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் மடியும். இல்லாத வீட்டில் வெயிலில் மெல்லப் பரப்பி உலர்த்துங்கள்; உடைத்த பருப்பாக வைப்பதும் நலம், வண்டு முழு மணியையே நாடும். பயற்றங்காய் விதைக்கு வேண்டுமானால், நெற்றைக் கொடியிலேயே நெடுநாள் விடாமல் காய்ந்தவுடன் பறித்து, நன்கு உலர்த்தி, கிலோவுக்கு இரண்டு தேக்கரண்டி சமையல் எண்ணெயைப் பிசறி, இறுக மூடும் புட்டியில் வையுங்கள்.