முகாம் முடிந்து வந்த பிள்ளை

கோடை முகாமுக்குப் போன பிள்ளை வீடு திரும்புகிறது. முகம் வாடிக் கிடக்கிறது. "பத்து நாள் பழக்கம்தானே, இதுக்கா அழுகை?" என்று கேட்டுவிடுகிறோம்.

பத்து நாள்தான். ஆனால் பள்ளி நண்பன் மணி அடித்ததும் வீட்டுக்குப் போய்விடுவான். முகாம் நண்பன் போகமாட்டான். ஒரே கூடாரம், ஒரே பந்தி, இரவில் பயந்தால் பக்கத்துப் பாயில் அவன்தான். கல்யாண வீட்டில் இரண்டு நாள் சேர்ந்து காய் நறுக்கியவர்கள் உறவாகிவிடுவதில்லையா? அப்படித்தான்.

முகாம் தரும் இந்த நெருக்கம் புதிதல்ல. 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் ஒரு முகாம் நடத்தினார். சாரணர் இயக்கத்துக்கு அதுதான் வித்து. வசதியான பள்ளிப் பையன்களும் உழைப்பாளி வீட்டுப் பையன்களும் ஒன்றாகத் தங்கினார்கள். வெளியே சந்திக்கவே வாய்ப்பில்லாதவர்கள்! இன்றும் சாரணர் முகாமில் தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். கடைசி இரவு பாட்டு முடிந்தால் பிரிவு. அழுகை வராமல் என்ன செய்யும்? என்னைக் கேட்டால், அது நல்ல அழுகை.

அதட்டாதீர்கள். அந்த நண்பனின் பெயரைக் கேளுங்கள். செல்பேசி எண் இருக்கட்டும். ஓர் அஞ்சல் அட்டை வாங்கிக் கொடுத்து, இந்த வாரமே எழுதச் சொல்லுங்கள்.