கேள்விக்கு இடம் விடும் வகுப்பு

பட்டம் பெறும் இளம் ஆசிரியர்களே, நம் வகுப்புகளில் கேள்வி கேட்பவர் ஆசிரியர், பதில் சொல்பவர் மாணவர். அந்தப் பதிலும் பெரும்பாலும் நோட்ஸில் உள்ளதுதான். இது மாறினாலொழிய, பிள்ளைகள் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் பாடம் அவர்களுக்குச் சொந்தமாகாது என்பதே என் உறுதியான எண்ணம். படித்ததைப் புதிய இடத்தில் பயன்படுத்தத் தெரிகிறதா என்று 15 வயதுப் பிள்ளைகளைச் சோதிக்கும் பிசா என்ற பன்னாட்டுத் தேர்வில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் ஒருமுறை கலந்துகொண்டன. 2011-இல் வெளிவந்த முடிவில் இரண்டுமே பட்டியலின் கடைசிப் பகுதியில் நின்றன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் தேறிக்கொண்டிருந்த அதே காலம் அது. தேர்ச்சி வேறு, தெளிவு வேறு என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மனப்பாடம்தான் நம் மரபு, கேள்வி கேட்பதெல்லாம் வெளியிலிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். காவிரிக் கரையிலுள்ள திருவரங்கம் அவர்களுக்கு வேறு பதில் வைத்திருக்கிறது. திருவாய்மொழியின் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாசுரங்களையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டவர்கள் அங்கே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் ஓதுவதோடு நின்றுவிடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் வைணவ ஆசிரியர் நம்பிள்ளை சொன்ன விளக்கங்களை வடக்குத் திருவீதிப்பிள்ளை எழுதிவைத்தார். ஈடு முப்பத்தாறாயிரப்படி என்ற அந்த உரையைப் புரட்டிப் பாருங்கள். நம்பிள்ளையின் ஆசிரியரான நஞ்சீயர் தம் ஆசிரியர் பராசர பட்டரிடம் இன்ன இடத்தில் இன்ன ஐயம் கேட்டார், பட்டர் இப்படி விடை சொன்னார் என்று கேட்டவர் பெயரோடு கேள்வியும் பதிவாகியிருக்கிறது. மாணவரின் ஐயத்தையும் பாடத்தின் பகுதியாக மதித்துக் காத்த மரபு இது. மனப்பாடத்தை நான் பழிக்கவில்லை. வாய்ப்பாடு நெஞ்சில் இல்லாத பிள்ளை கணக்கில் தடுமாறத்தான் செய்யும். அதோடு பாடத்தை முடித்துவிடுவதுதான் பிழை.

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை, வகுப்பில் ஐம்பது பேர், இதில் கேள்விக்கு எங்கே இடம் என்பது நியாயமான மறுப்பு. வகுப்பின் அளவைக் குறைப்பதும் போதிய ஆசிரியர்களை அமர்த்துவதும் அரசின் கடமை. அதை நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை உங்கள் கையில் உள்ளது ஒன்று உண்டு. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடியே பொறுக்கிறார்கள். உடனே வேறொருவரைக் கேட்கிறார்கள் அல்லது தாமே விடை சொல்லிவிடுகிறார்கள். மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் வாய் திறந்தார்கள், மாணவர்களே கேள்வி கேட்பதும் கூடியது. மூன்று விநாடிக்காக எந்தப் போர்ஷனும் நின்றுவிடாது. மதிப்பெண் குறையுமோ என்ற அச்சத்துக்கும் பதில் உண்டு. ரோடிகர், கார்பிக்கே இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டுத் தாமாக நினைவுகூர்ந்து எழுதியவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். மூளை தானாக உழைத்த பாடமே தங்குகிறது.

கடைசியாக ஒரு தயக்கம். வெளியே சொல்லப்படுவது குறைவு, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட அதுவே வகுப்பைக் கட்டிப்போடுகிறது: விடை தெரியாத கேள்வி வந்தால் ஆசிரியரின் மதிப்பு போய்விடாதா? குருபரம்பரை நூல்கள் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கின்றன. நஞ்சீயர் தம் உரையைப் படியெடுக்கக் கொடுத்த ஓலைகள் காவிரியைக் கடக்கும்போது நீரில் போய்விட, மாணவர் அதை நினைவிலிருந்தே எழுதி, தமக்குத் தோன்றிய பொருளையும் சில இடங்களில் சேர்த்துத் தந்தாராம். நஞ்சீயர் சினம்கொள்ளவில்லை, சேர்த்தவற்றின் நயத்தைக் கண்டு மகிழ்ந்து, நம்பிள்ளை என்று பெயரிட்டு அணைத்துக்கொண்டார். தம்மை மிஞ்சிய மாணவரால் அவர் மதிப்பு குறையவில்லை. எனவே விடை தெரியாத கேள்வி வந்தால் மழுப்பாதீர்கள். கேட்ட பிள்ளையின் பெயரோடு அதைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவையுங்கள். விடை கிடைக்கும்வரை அழிக்காதீர்கள்.