மழை வாரமும் மூணு அரைகுறை வேலையும்

போன எபிசோடுக்கும் இதுக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி விழுந்துடுச்சு. வேலை அதிகம்னு சொன்னா அது பொய். வேலையே இல்லாத ஒரு வாரத்துல நான் என்ன செஞ்சேன்கிறதுதான் இன்னைக்குக் கதை.

புதுசா கேக்கறவங்களுக்கு: நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர், தஞ்சாவூர்ல வீட்டுல இருந்தே வேலை பார்க்கறேன். அதோட அக்காவும் நானும் சின்னதா ஒரு ஆன்லைன் கடை நடத்துறோம். தலையாட்டி பொம்மை, தஞ்சாவூர் ஓவியம், நெட்டி வேலை இதெல்லாம் செய்யறவங்ககிட்ட வாங்கி அனுப்புவோம். நவராத்திரிக்கு முன்னாடி பார்சல் கட்ட கை பத்தாது. கொலு முடிஞ்சதும் ஐப்பசி மழை பிடிச்சுக்கும். அந்த வாரம் மொத்தமே ரெண்டு ஆர்டர். அதுல ஒண்ணு, வழியில கழுத்து ஒடிஞ்ச பொம்மைக்குப் பதிலா அனுப்பினது.

சும்மா இருக்கறதுக்கு ஏதாவது கத்துக்கலாம்னு மூணு வேலையை ஒண்ணா ஆரம்பிச்சேன். ஒரு ஓவியம், ஒரு ராஜா பொம்மை, நெட்டியில ஒரு சின்ன கோபுரம்.

தஞ்சாவூர் ஓவியத்துல வண்ணம் தொடறதே கடைசியிலதான். முதல்ல பலகை. அந்தக் காலத்துல பலா மரப் பலகை, அதனால பலகைப் படம்னே ஒரு பேர் உண்டு. இப்போ ப்ளைவுட். அதுமேல துணி ஒட்டணும், காயணும். சாக் பவுடரும் பசையும் கலந்து பூசணும், காயணும், வழவழப்பா தேய்க்கணும். அப்புறம் கோட்டுப் படம், கல் பதிக்கறது. மக்குன்னு சொல்ற பசையை வச்சு நகை, தூண், வளைவெல்லாம் மேடாக்கணும். மறுபடி காயணும். அதுக்கு மேல தங்க ரேக்கு. கோட் எழுதறவங்களுக்குச் சொல்லணும்னா, பாதி நேரம் ‘வெயிட்’லயே நிக்கற புரோகிராம். அந்த இடைவெளியில பொம்மையைப் பார்த்துக்கலாம்னு கணக்குப் போட்டேன்.

பொம்மையும் அதே வெயிலுக்குத்தான் காத்திருக்கும்னு அப்போ தோணலை! சாய்ச்சாலும் எழுந்து நிக்கற பொம்மைக்கு மேல் பாகம் காகிதக் கூழ், அடிப்பாகம் உருண்டையா கனமான களிமண். கனம் கீழே இருக்கறதாலதான் நிமிருது. ஐப்பசியில களிமண் எங்க காயும்? நாலாம் நாள் ராஜா மேல பூஞ்சை. நெட்டி மட்டும் தப்பிச்சது. அது ஏரி, குளத்துல வளர்ற செடியோட வெள்ளைத் தண்டு. காய்ஞ்சுதான் கைக்கே வருது. கத்தியும் பொறுமையும் இருந்தா போதும். என்கிட்ட கத்தி இருந்துச்சு. [சிரிப்பு]

டேபிள் ஃபேன் வச்சு ஓவியத்தை மட்டும் ஒருவழியா முடிச்சேன். ஸ்டேட்டஸ்ல போட்டதும் நம்ம கடையில வழக்கமா வாங்கற ஒருத்தங்க விலை கேட்டாங்க. 1,200 ரூபாய்னு சொல்லிட்டேன். அக்கா காதுல விழுந்துடுச்சு.

“நமக்குப் படம் தர்ற அண்ணன் இந்த அளவுக்கு என்னடா வாங்குறாரு?”

“3,500.”

“அவருக்கும் இது மந்தமான வாரம்தான். உனக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் வந்துடும். அவருக்கு?”

கத்துக்கறதுக்குச் செஞ்சதுதானேன்னேன். “அப்ப வீட்ல மாட்டு”ன்னா.

எனக்கு ஒப்புக்க முடியலை. 1,200க்குப் பார்க்கறவங்க 3,500 கொடுத்து அவர்கிட்ட வாங்கப்போறதில்லையே? இந்த ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. தலையாட்டி பொம்மைக்கும் உண்டு. ஆனா அது பேரைக் காப்பாத்தும், விலையைக் காப்பாத்தாது. அந்தப் படத்தையே எடுத்துக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ரேக்கு அசல் இல்லையே தம்பி. கொஞ்ச வருஷத்துல கறுத்துடும். வாங்குனவங்க உன்னைத் திட்ட மாட்டாங்க, தஞ்சாவூர்ப் படமே இப்படித்தான்னு சொல்லிடுவாங்க.” கோபமே இல்லாம சொன்னார். அவர் பக்கத்துல பென்சில் கோட்டுப் படம் ஒரு கட்டு இருந்தது. மழையில பலகை காயாது, அதனால வரைஞ்சு சேர்த்து வைக்கிறாராம். உள்ளூர்லயும் கேக்க ஆள் இல்லை. டெல்டாவுல இந்த மாசம் எல்லார் காசும் சம்பா வயல்லதான் நிக்குது, தை அறுவடைக்கு அப்புறம்தான் வெளிய வரும். “இது கடன் வாங்குற வாரம் தம்பி”ன்னு சிரிச்சார்.

அன்னைக்கு சாயங்காலமே அந்த வாடிக்கையாளருக்கு, படம் விற்பனைக்கு இல்லைன்னு மெசேஜ் போட்டேன். சின்ன அளவுல, அசல் ரேக்கோட, அண்ணன் கையால செஞ்சா 1,800 ஆகும், வேணுமான்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாங்க. அதுக்குக் காத்திருக்காம மூணு சின்னப் படத்துக்கு முன்பணம் கொடுத்தோம். பாதி அக்காவோடது, பாதி என் சம்பளம். மூணுல ரெண்டு போயிடுச்சு, ஒண்ணு இன்னும் அலமாரியில இருக்கு. கேட்டவங்ககிட்ட இருந்து இதுவரைக்கும் பதில் இல்லை.

என் கிருஷ்ணர் வைஃபை ரௌட்டருக்கு மேல மாட்டியிருக்கார், இடது கண் கொஞ்சம் பெருசா. ராஜா குப்பைக்குப் போயிட்டார். நெட்டி கோபுரத்துக்கு இன்னும் கலசம் வைக்கலை. மழை விடறதுக்குள்ள அதையாவது முடிக்கறேன். அடுத்த வாரம் பேசுவோம்.